தடம் மட்டும் இறுகியிருந்தது

காய்ந்த புல் தீர்ந்து மூன்று நாளாயிற்று. ஷெமோவின் செம்மறிகள் தொழுவத்துச் சுவரின் மண்பூச்சை நக்கிக்கொண்டிருந்தன. குட்டி போட்டவற்றுக்கு மடி வற்றிவிட்டது. ஓடைக்கு அப்புறம் பச்சைப் புல் தலைகாட்டியிருந்தது. ஆனால் அங்கே போக, செங்குத்தான பனிச்சரிவுக்கு அடியில் நூறு எட்டு நடக்க வேண்டும். இரவில் பனி நன்றாக உறைந்தால் சரியாது, விடியலில் கடக்கலாம். ஹக்காரி மலையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது. மூன்று இரவாக மேகம் உறையவிடவில்லை.

ஷெமோவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் தொழுவத்துக்கும் நடந்தார். இன்றிரவு உறையும் என்றது ரேடியோ. ரேடியோக்காரன் ஆடா வளர்க்கிறான் என்று அணைத்துவிட்டார்.

விடிந்ததும் மனைவியின் தம்பி பெங்கீன் வந்தான். சரிவுக்கு அடியில் போகும் தடத்தில் குதித்தே பார்த்துவிட்டானாம், கல் மாதிரி இருக்கிறதாம். தன் பன்னிரண்டு ஆடுகளோடு கிளம்புகிறானாம்.

ஷெமோ நம்பவில்லை. தானே போய்த் தடத்தில் கோலைக் குத்தினார். இறங்கவில்லை. குளிர்காலம் முழுக்கக் கழுதைகள் மிதித்த தடம், இறுகித்தான் இருக்கும். இரண்டு எட்டு தள்ளிக் குத்தினார். கூழில் இறங்குவதுபோல் கைப்பிடி வரை போயிற்று.

"கழுதை மிதிச்ச இடத்துல குதிச்சுப் பாத்திருக்க. மேல சரிவுல எந்தக் கழுதை போய் மிதிச்சுது?"

"மச்சான், பொண்ணு பாக்க வந்தப்பவே எங்க வீட்டு வாசப்படியக் கோலால குத்திப் பாத்துட்டுத்தான் உள்ள வந்தீங்களாம். அக்கா சொல்லும்."

"வந்தேன்ல. நீ போகாத."

அவன் போனான். ஒன்றும் ஆகவில்லை. அக்கரையில் நின்று தொப்பியை ஆட்டினான். அவன் ஆடுகள் மேய்வதைப் பார்த்து இவர் ஆடுகள் கத்தின. மனைவி குலே ஒரு செத்த குட்டியைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். ஷெமோ தொழுவக் கதவைத் திறந்தார். மறுபடி சாத்தினார்.

நண்பகலில் சரிவு மொத்தமும் பிடி விட்டு இறங்கியது. தடம் இருந்த இடமே தெரியவில்லை. அக்கரையில் பெங்கீன் தலையில் கைவைத்து நின்றான். ஷெமோ மேலே பார்த்தார். கறுப்பு மண், பாறை. விழ இனி ஒன்றுமில்லை.

அப்படியும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. விழுந்த பனி இறுகும் வரை காத்திருந்து, இருபது இடத்தில் குத்திப் பார்த்த பிறகே ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். கட்டிகள்மேல் தடுமாறி ஏறி, எல்லாம் அக்கரை சேர்ந்தன.

பெங்கீன் எதிரே வந்து ஆடுகளை எண்ணினான்; ஒரு குட்டி குறைந்தது.

"காலையிலேயே வந்திருந்தா அந்தக் குட்டி பொழச்சிருக்கும்ல, மச்சான்?"

ஆடுகள் புல்லில் வாய் வைத்துவிட்டன. குட்டியை இழந்தது மட்டும் வந்த வழியைப் பார்த்துக் கத்திக்கொண்டே நின்றது.