நெஞ்சின்மேல் உட்கார்ந்தது யார்?

வாருங்கள்! முன்வாசலில் நிற்காதீர்கள், அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. சந்துப் பக்கம் வாருங்கள். துருவேறிய இந்தச் சிறிய இரும்புக் கதவின் வழியே, ஊர் விழித்துவிட்ட காலை வேளையில், இறந்துபோன ஒரு மனிதரைக் களவுச் சரக்கைப்போல வெளியே கடத்தப் பார்க்கிறார்கள். கடத்துகிறவர் அவருடைய உடன்பிறந்த அண்ணன். இரண்டு கைகளையும் அகல விரித்துக் கதவை மறித்து நிற்கிறாளே, அவள் அந்த அண்ணனின் மகள். நீங்கள் சாட்சி. பார்த்தபின், பார்க்கவில்லை என்று சொல்லும் உரிமையை இழந்துவிட்டீர்கள்.

“வழிய விடும்மா. வண்டி சந்துல நிக்குது. டிரைவர் ரெண்டு தடவ ஹார்ன் அடிச்சிட்டான்.”

“அடிக்கட்டும்ப்பா. நல்லா அடிக்கட்டும். தெரு முழுக்கக் கேக்கட்டும்.”

“மெதுவாப் பேசு!”

“பதினோரு வருஷமா மெதுவாத்தானே பேசினோம்? சித்தப்பா செத்ததுக்குமா?”

“உனக்குப் பதினோரு மணிக்கு இண்டர்வியூ. எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி! போய்க் கெளம்பு. இத நான் பாத்துக்கறேன்.”

“நீங்க பாத்துக்கிட்ட லட்சணம்தான் உள்ள படுத்திருக்கு.”

தேநீர்க் கெண்டியைப் பிடித்தபடி நடுவில் நின்ற அம்மா, “எதிர்வீட்டு ஜன்னல் தெறந்திருக்குங்க” என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே கிடந்தவர் ஒரு காலத்தில் பேருந்து நடத்துநர். ‘போலாம், ரைட்!’ என்று அவர் குரல் கொடுத்தால் தெருநாய்கூட எழுந்து வழிவிடும் என்பார்கள். பிறகு அவர் காதுக்குள் வேறு குரல்கள் குடியேறின. ஒருநாள் நடுச்சாலையில் வண்டியை நிறுத்தி, பாலம் இடியப்போகிறது என்று சொல்லி அத்தனை பயணிகளையும் இறக்கிவிட்டார். பாலம் இடியவில்லை; அவர் வேலைதான் இடிந்தது. அன்று மாலையே, ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து கொடுக்கும் கண்ணாடிக் கடைக்காரரான அண்ணன், தெருவுக்கு அறிவித்தார்: “தம்பிக்கு வெளிநாட்டுல வேலை கெடச்சிருக்கு.”

வெளிநாடு என்பது வீட்டின் பின்புற அறை. கடவுச்சீட்டு வேண்டியதில்லை, கதவை வெளியே தாழிட்டால் போதும்.

பொய் வளர்ந்தது. தம்பிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. தம்பி அனுப்பியதாகச் சொல்லி, அண்ணன் கடைவீதியில் வாங்கிய சென்ட் பாட்டில்கள் வீடுவீடாகப் போயின. தம்பியோ சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தன் செய்தியைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார். “அண்ணி, அங்க எனக்கு இப்பப் பனி கொட்டுதாம். ஒரு ஸ்வெட்டர் குடுங்க” என்பார். அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போய் அழுவாள்.

மகள் மருத்துவம் படித்தாள். மனநல மருத்துவத்தில் மேற்பயிற்சிக்கும் சேர்ந்தாள். கடைசி ஆண்டில் அவளைச் சமூக மனநலக் குழுவில் போட்டார்கள். நோயாளி படியேறி வரட்டும் என்று காத்திராமல், மருத்துவமே நோயாளியின் வீட்டுப் படியேறும் குழு அது. வெயிலில் அலைச்சல், பேருந்தில் நெரிசல், போன வாசலில் எல்லாம் வசவு. உடன் பயின்றவர்கள் அந்தப் பணியிலிருந்து தப்பிக்க வழி தேடினார்கள். இவளுக்கோ முதல் வாரத்திலேயே கால் தரையில் பாவவில்லை. “இத்தன நாள் மீனத் தண்ணிக்கு வெளிய எடுத்து வச்சு, ஏன் நீந்த மாட்டேங்குதுன்னு கேட்டுட்டு இருந்திருக்கோம்மா!” என்று அம்மாவைப் பிடித்துச் சுற்றினாள்.

மறுவாரமே குழுவின் செவிலியை வீட்டுக்கு அழைத்து வந்தாள். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: அந்த அம்மாள் யாரென்று தெருவுக்குத் தெரியக் கூடாது. எதிர்வீட்டு அக்கா கேட்டபோது அம்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள்: “தையல்காரம்மா.” அக்கா விடுவாளா? உள்ளே ஓடிப்போய் ஜன்னல் திரைக்கான துணியைக் கொண்டுவந்து செவிலியின் கையில் திணித்தாள்.

மாத்திரையும் பேச்சுமாகச் சில மாதங்கள். பிறகு சித்தப்பா செவிலியின் ஸ்கூட்டரில், முகம் தெரியாமல் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, இதே சந்துக் கதவு வழியாகப் பகல்நேர மையத்துக்குப் போகத் தொடங்கினார். முதல் நாள் மையத்துக்குள்ளும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. சில நாள் கழித்துக் கழற்றினார். சுற்றியிருந்தவர்களைப் பார்த்து, “டிக்கெட் எடுக்காதவங்கல்லாம் எடுத்துக்கங்க” என்றார். மையம் குலுங்கிச் சிரித்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் ஒரு மனிதரும் அவர் சொன்னதைக் கேட்டுச் சிரித்ததில்லை. மூலையில் சும்மா கிடந்த தையல் இயந்திரத்தை அன்றே இழுத்துப் போட்டுக்கொண்டார். பொய்க் குரல்கள் தேய்ந்துகொண்டு வந்தன. அண்ணன் மகளுக்கு அவர் வைத்த செல்லப் பெயர் ‘ரேடியோ’. “எனக்குள்ள ஓடுறதெல்லாம் டூப்ளிகேட்டு. நீ ஒருத்திதான் ஒரிஜினல் ஸ்டேஷன்” என்பார்.

அந்த மனிதர்தான், நேற்று மாலை அண்ணனோடு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி, இரவில் இறந்துபோனார். விடுதியில் இருந்தவளுக்கு விடிந்தபின்தான் சொன்னார்கள்.

“சரிப்பா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, வழிய விடறேன்” என்றாள் மகள். “நேத்து சாயங்காலம் ஆஸ்பத்திரில சித்தப்பா என்ன சொன்னாரு? ஒரு வார்த்த விடாமச் சொல்லுங்க.”

“என்னத்தச் சொல்லுவான், எப்பவும் சொல்றதுதான். ‘நெஞ்சு மேல யாரோ உக்காந்திருக்காங்க அண்ணே’ன்னான். வேர்த்துக் கொட்டுச்சு.”

“வேர்த்துச்சா?”

“சட்டையே நனைஞ்சு போச்சு. டாக்டர் அவன் மாத்திரைச் சீட்டப் பாத்தார். ‘உக்காந்திருக்கறது ஆம்பளயா பொம்பளயா? உங்ககிட்ட ஏதாச்சும் பேசறாங்களா?’ன்னு கேட்டார். இவன் சிரிச்சுக்கிட்டே, ‘டிக்கெட் எடுக்காத ஆளு சார், எறக்கி விடுங்க’ன்னான். ரெண்டு தூக்க மாத்திர சேத்துக் குடுத்து அனுப்பிட்டார்.”

மகளின் கைகள் கதவிலிருந்து நழுவின.

கேட்டீர்களா? தமிழ் பேசும் எந்த மனிதனும் நெஞ்சடைக்கும்போது சொல்லும் சொல் அது. சுமை தூக்குகிறவர் சொல்வார், கல்லூரிப் பேராசிரியர் சொல்வார், நீங்களும் சொல்வீர்கள். உங்கள் வாயில் அது வலி. அவர் வாயில் அது பைத்தியம்! வியர்த்து நனைந்த சட்டையை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. சீட்டைப் பார்த்தார்கள், சீட்டுக்கு வைத்தியம் செய்தார்கள்.

“அப்பா,” என்றாள் மகள். “அது குரல் இல்லப்பா. அது மாரடைப்பு.”

அப்பா அவளையே பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி, திறந்திருந்த அறையைப் பார்த்தார். அவர் வலக்கை மெல்ல எழுந்து தன் நெஞ்சைப் பற்றியது. நெற்றியில் வியர்வை அரும்பியது. சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

“அம்மாடி... நெஞ்சு மேல... யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு...”

அம்மாவின் கையிலிருந்து கெண்டி விழுந்தது. “ஐயோ, யாராச்சும் வாங்களேன்!” என்று அவள் போட்ட கூச்சலில், பதினோர் ஆண்டு மௌனம் ஒரு நொடியில் உடைந்தது. முன்கதவு படாரென்று திறந்தது. எதிர்வீட்டு அக்கா ஓடி வந்தாள். அவள் கணவர் கார்ச் சாவியோடு வந்தார். எங்கிருந்தோ இரண்டு இளைஞர்கள் வந்து அப்பாவைத் தூக்கினார்கள். ஒருவர் விசிறினார், ஒருவர், “பேசாதீங்க சார், பேசாதீங்க, ஒண்ணும் ஆகாது” என்றார். ‘யார் உட்கார்ந்தது?’ என்று கேட்க அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதே மருத்துவமனை. அதே அவசர சிகிச்சை அறை. நேற்றைய பணி முடிந்து வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அதே இளம் மருத்துவர்.

“நெஞ்சு மேல யாரோ...” என்று அப்பா தொடங்கினார். முடிக்க விடவில்லை.

“சிஸ்டர், ஈசிஜி! சார், சட்டையத் தொறங்க.”

ரப்பர்க் குமிழ்கள் நெஞ்சில் ஒட்டின. கம்பிகள் நீண்டன. நாக்கின் அடியில் மாத்திரை, கையில் ஊசி, காலடியில் மகள். இயந்திரம் கரகரவென்று தாளைத் துப்பியது. மருத்துவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். அவர் முகம் தெளிந்தது.

“இதயம் நல்லா இருக்கு சார். ரத்தப் பரிசோதனையும் பாத்துடுவோம். வீட்ல ஏதாவது அதிர்ச்சியா? மனசுலேர்ந்து வர்ற வலியும் இப்படித்தான் இருக்கும்.”

“டாக்டர்,” என்றாள் மகள். “நேத்து சாயங்காலம் இதே கட்டில்ல ஒருத்தர் இதே வார்த்தயச் சொன்னாரே, ஞாபகம் இருக்கா?”

மருத்துவர் யோசித்தார். “ஆமா... அந்த மனநோய்க்காரர். காமெடியாப் பேசினார். எப்படி இருக்கார் இப்போ?”

“அவரக் கொண்டுபோகச் சந்துல வண்டி நிக்குது.”

மருத்துவர் கையிலிருந்த தாளை மடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

கட்டிலில் அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். மேல் பொத்தானுக்கு வந்தபோது விரல்கள் நின்றுவிட்டன. மறு பரிசோதனைக்குக் கட்டாயம் காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தார்.

வீடு திரும்பியபோது முன்கதவு திறந்தே கிடந்தது. அம்மாவைத் தேற்ற உள்ளே போனவர்கள் பின்புற அறைவரை போய்விட்டிருந்தார்கள். கூடம் முழுக்க ஆட்கள். மையத்திலிருந்து சேதி கேட்டு, செவிலியோடு ஒரு கூட்டமே ஸ்கூட்டரிலும் பேருந்திலுமாக வந்திறங்கியிருந்தது. அவர்களில் நன்றாக உடுத்தி, மூக்குக் கண்ணாடியும் கைக்கடிகாரமுமாக இருந்த ஒருவரை மருத்துவர் என்று நினைத்து, எதிர்வீட்டு அக்கா நல்ல நாற்காலியில் உட்காரவைத்து, தன் முழங்கால் வலியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நான் பேஷண்டும்மா. ஆனா வலி பொல்லாதது, டாக்டர்கிட்டக் காட்டுங்க” என்றார்.

அப்பாவைக் கண்டதும் பேச்சு அடங்கியது. அக்காதான் வாயைத் திறந்தாள்.

“அண்ணே, உடம்பு தேவலயா? இது... உங்க தம்பிதானே? வெளிநாட்டுலேர்ந்து எப்ப வந்தாரு?”

‘நேத்து ராத்திரி’ என்று சொன்னால் போதும். பொய் பிழைத்துக்கொள்ளும், சித்தப்பா இன்னொரு முறை சாவார்.

அப்பா செருப்பைக் கழற்றினார். “எங்கயும் போகலம்மா,” என்றார். “இங்கதான் இருந்தான். இந்தப் பின் ரூம்ல. மனசுக்குச் சொகமில்லாம. நான்தான் பூட்டி வச்சேன்.”

அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். “அப்ப அந்த சென்ட்டு?”

“கடைவீதி.”

“அய்யய்யோ! வெளிநாட்டுச் சரக்குன்னு மருமகளுக்குக்கூடக் குடுக்காமப் பூட்டில்ல வச்சிருக்கேன்!”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரித்தது அம்மா. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பினூடே அக்கா அழத் தொடங்கினாள்.

“தையல்காரம்மா, நீங்களாச்சும் சொல்லியிருக்கலாமே!”

“நான் நர்ஸும்மா,” என்றாள் செவிலி. “எனக்கு ஊசில நூல் கோக்கக்கூடத் தெரியாது. உங்க ஜன்னல் திரை, அது அவர் தச்சது.”

அக்கா திரும்பி வாசல் வழியே தன் வீட்டைப் பார்த்தாள். எந்தத் திரையை விலக்கி மாதக்கணக்கில் இந்த வீட்டை வேவு பார்த்தாளோ, அந்தத் திரை காற்றில் உப்பி நின்றது.

அப்பா இளைஞர்களிடம் சொன்னார்: “சந்துல நிக்கற வண்டிய முன்பக்கம் கொண்டு வரச் சொல்லுங்க.”

செவிலி மகளின் காதருகே குனிந்தாள். “பெரிய ஆஸ்பத்திரி இண்டர்வியூ போச்சே. இன்னொரு நாள் கேட்டுப் பாக்கறியா?”

“வேணாம்க்கா. குழுவிலயே இருந்துக்கறேன். நாம வீடு தேடிப் போற பேஷண்டுங்க எல்லாருக்கும் முதல்ல ஈசிஜி எடுக்கணும். எந்தத் தெருவுலேர்ந்து ஆரம்பிக்கலாம்?”

தூக்குவதற்கு முன் அப்பா தம்பியின் தலைமாட்டில் மண்டியிட்டார். கலைந்திருந்த காலரைச் சரிசெய்யக் குனிந்தபோது அவருடைய சட்டை, பொத்தான் போடாத இடத்தில் விலகித் தொங்கியது. ரப்பர்க் குமிழ்கள் கவ்விய இடமெல்லாம் நெஞ்சில் வட்ட வட்டமாகச் சிவந்திருந்தது. கீழே, திறந்துகிடந்த சட்டைக்குள், தம்பியின் நெஞ்சில் ஒரு தடமும் இல்லை. அப்பா அந்த வெற்று நெஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தார்; எடுக்கவில்லை.

முன்வாசலில் வண்டி வந்து நின்றது. ஏற்றினார்கள். கைக்கடிகாரக்காரர் வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, தெரு அதிரக் குரல் கொடுத்தார்: “போலாம், ரைட்!”

சாட்சிகளே, நீங்கள் கலைந்து போகலாம். ஆனால் நாளையோ மறுநாளோ, உங்கள் வீட்டிலோ நீங்கள் பணிபுரியும் வார்டிலோ, மாத்திரைச் சீட்டோடு ஒருவர் வந்து, நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்திருப்பதாகச் சொல்வார். யார் என்று கேட்காதீர்கள். முதலில் அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றுங்கள்.