ஏல விலை தெரிந்த மதியம்

நெட்டு வந்தால் பிள்ளைகள் படிக்கும், பெரியவர்கள் படம் பார்ப்பார்கள் என்றுதான் குரங்கணிக்கு மேலே இருந்த அந்தச் சின்ன ஊர் நினைத்திருந்தது. ஊர்ப் பெரியவர் ஜக்கையனின் மகன் பிரதீப் போடிக்கும் மலைக்குமாக நாயாய் அலைந்து, வெள்ளைக் கிண்ணம்போல ஒன்றைக் தங்கள் வீட்டுக் கூரையில் மாட்டி, அன்று மதியம்தான் லைனைக் கொண்டுவந்தான். வந்த சூட்டோடு அவன் தேடியது போடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தின் விலையை. அதில்தான் வந்தது வினை.

அத்தனை வீட்டு ஏலக்காயும் சந்திரவல்லியின் புருஷன் பாண்டித்துரையின் ஜீப்பில்தான் போடிக்கு இறங்கும். ஆளாளுக்குக் காய் பறிக்கும் வேலையைக் கெடுத்துக்கொண்டு அலைய வேண்டாம் என்று ஊர் செய்துவைத்த ஏற்பாடு அது. எல்லாக் காயும் அவன் பேரில் ஏலம் போகும். திரும்பி வந்ததும் ஜீப்பின் படியில் நின்று விலையைச் சொல்வான். ரசீதைக் காட்டு என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் அவன் மனசு கோணிவிடுமாம்! அவ்வளவு மரியாதை. அன்றும் காயோடு போடிக்குப் போயிருந்தான்.

போனில் அவன் பேருக்கு நேரே அன்றைய விலையும் பழைய ஏலங்களும் இருந்தன. பிரதீப் வாசிக்க வாசிக்க, வாசலில் கூடியிருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள். பாண்டித்துரை சொன்ன விலைக்கு ஒரு தடவைகூடக் காய் போகவில்லை. எல்லாமே கூடுதலாகத்தான் போயிருந்தது. புருஷனை இழந்து ஒற்றை ஆளாய்க் காடு பார்க்கும் சந்திரவல்லியின் அக்கா மொக்கம்மாள், தங்கையின் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். சந்திரவல்லிக்கு உடம்பெல்லாம் கூசியது.

யாரும் அவனுக்குப் போன் போட வேண்டாம் என்றார் ஜக்கையன். போட்டாலும் மலை வளைவுகளில் கிடைக்காது. சந்திரவல்லிக்கு அவர் அண்ணன் முறை. குரலை உயர்த்தாமல் அவளிடம் சொன்னார்:

"இன்னைக்கு வெலையச் சரியாச் சொல்லிட்டார்னா, போனது போகட்டும்த்தா. மாத்திச் சொன்னா, இனிமே மாப்ள ஊர்க் காயத் தொடக் கூடாது."

தண்ணீர் எடுக்கப் போவதுபோல் நழுவினாள் சந்திரவல்லி. ஏலச்செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில் விழுந்தடித்து ஓடினாள். அட்டை காலில் ஏறியதுகூடத் தெரியவில்லை. "நெசத்தச் சொல்லிருங்க" என்று ஒரு வார்த்தை போதும், மானம் தப்பிவிடும். கீழே ஜீப்பு உறுமும் சத்தம் கேட்டது. வளைவில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஏ புள்ள, இங்க என்ன சோலி ஒனக்கு?" என்று சிரித்தபடி அவளுக்கென்று வாங்கிய பூவை எடுத்து நீட்டினான் பாண்டித்துரை.

ஏறி உட்கார்ந்தாள். சொல்ல வந்தது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் ஊரை ஏமாற்றியவன் தன்னிடமாவது உண்மையாக இருந்தானா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"காய் என்ன வெலைக்குப் போச்சு? மொதல்ல எங்கிட்டச் சொல்லுங்க."

அவன் கண் இமைக்கவில்லை. போன் திரையில் இருந்ததைவிடக் கிலோவுக்கு இருநூறு ரூபாய் குறைத்துச் சொன்னான். காயில் ஈரம் என்று வியாபாரிகள் விலையைக் குறைத்துவிட்டார்களாம். பெருமூச்சு வேறு விட்டுக்கொண்டான்.

அக்காவின் உழைப்பும் சேர்ந்துதான் தன் வீட்டு அடுப்பு எரிந்திருக்கிறது. அதைத் தின்றுவிட்டு அவளுக்கே ஆறுதலும் சொல்லியிருக்கிறோமே என்று நினைக்க நினைக்க ஆத்திரம் தாங்கவில்லை. ஆனாலும் பாழாய்ப்போன மனசு, சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அரித்தது. கடைசி வளைவில், எங்கிட்ட வேறெதுவும் சொல்லணுமா என்று கேட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்றான்.

ஜக்கையன் வீட்டு வாசலில் ஊரே நின்றிருந்தது. சந்திரவல்லி இறங்கிப் போய் மொக்கம்மாளின் பக்கத்தில் நின்றுகொண்டாள். படியில் நின்று தொண்டையைச் செருமி, பாண்டித்துரை அதே விலையைச் சொன்னான்.

பிரதீப் போனை அவன் கையில் கொடுத்தான். பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் கண் தேடியது பெண்டாட்டியைத்தான்.

"ஒனக்கு வளைவுலயே தெரியுமா?"

"தெரியும்" என்றாள் சந்திரவல்லி. "அதான் மொதல்ல எங்கிட்டச் சொல்லச் சொன்னேன்."