அண்ணி, கொஞ்சம் குதிங்களேன்

1

இந்தக் கதை பிறந்தது வயிற்றெரிச்சலில் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மல்யுத்தக் காட்சிகளுக்கு முடிவு எழுதுவது என் பிழைப்பு. யார் ஜெயிக்க வேண்டும், யார் எப்படி விழ வேண்டும் எல்லாம் நான் சொன்னபடிதான் நடக்கும். அப்படி நான் எழுதியதிலேயே சிறந்த முடிவை ஓர் அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து கெடுத்துவிட்டார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “கூட்டம் விண்ணதிர ஆர்ப்பரித்த அந்த மாலையில், வீரமங்கை…”

(இல்லை. கூட்டம் ஆர்ப்பரிக்கவே இல்லை. பிரச்சினையே அதுதான்.)

2

அன்றைய நிகழ்ச்சிக்கு ஒரே நோக்கம். பழைய நட்சத்திரங்கள் தோற்க வேண்டும். புதுமுகங்கள் ஜெயித்து அடுத்த தலைமுறையாக வேண்டும். ஆரம்ப ஆட்டங்களில் புதுமுகங்கள் ஜெயித்தார்கள். கூட்டம் கொட்டாவி விட்டது. மிச்சமிருந்தது கடைசி ஆட்டம். பட்டத்தை வைத்திருந்தவள் இடிமுழக்கம். அவளைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டு அதைப் பறிக்க வேண்டியவள் குட்டிப்புயல். ஜென்ம விரோதிகள் என்றது சுவரொட்டி. நிஜத்தில் அண்ணியும் நாத்தனாரும். ஒரே வீடு, ஒரே அடுப்பு.

(பக்கக் குறிப்பு: மேடையில் ஒருவரைத் தலைக்கு மேல் தூக்குவது தூக்குபவரின் பலத்தால் மட்டும் நடப்பதில்லை. தூக்கப்படுபவர் சரியான நொடியில் குதித்துக் கொடுப்பார். இதை வெளியே சொல்லக் கூடாது. சொல்லிவிட்டேன்.)

ஒப்பனை அறையில், நாத்தனாரின் உடையில் பிய்ந்த கொக்கியைத் தைத்துக்கொண்டே இடிமுழக்கம் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“தோத்துப் போறேன், அதுல ஒண்ணுமில்ல. ஆனா குதிக்க மாட்டேன். நீயே தூக்கு.”

“என்ன அண்ணி, விளையாடுறீங்களா?”

“நான் குதிச்சுக் கொடுத்து நீ ஜெயிச்சா, நாளைக்கு யாரு வந்து குதிச்சுக் கொடுப்பா?”

(இந்த வசனத்தை நான் எழுதவில்லை. பொறாமையாக இருக்கிறது.)

3

குட்டிப்புயல் பிடித்தாள், இழுத்தாள். இடிமுழக்கம் ஆணி அடித்ததுபோல் நின்றாள். மறுமுறையும் அப்படியே. மேடைக்குக் கீழே மைக் இருப்பதை மறந்து குட்டிப்புயல் கெஞ்சியது அரங்கம் முழுக்கக் கேட்டது.

“அண்ணி, கொஞ்சம் குதிங்களேன்!”

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். தொழில் ரகசியம், குடும்ப ரகசியம், இரண்டும் ஒரே வரியில் சந்திக்கு வந்துவிட்டன. இடிமுழக்கம் அசரவில்லை.

“வீட்டுல தண்ணிக் கேனைத் தூக்கச் சொன்னா முதுகு வலிங்கிற. இங்க வந்து நான் குதிக்கணுமா?”

சிரிப்பு வெடித்தது. பின்வரிசையில் ஒரு பெண்மணி எழுந்து, “விடாதே, தூக்குடி!” என்று கத்தினாள். அவ்வளவுதான். கொட்டாவி விட்ட அதே கூட்டம் “தூக்கு, தூக்கு” என்று எழுந்து நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வயிற்றெரிச்சலும்தான்.

4

அடுத்த பிடியில் இடிமுழக்கம் மேலே போனாள். தலைக்கு மேல்.

முடிவு ஒன்று: நாத்தனார் நிஜமாகவே தூக்கினாள்.

முடிவு இரண்டு: அண்ணி மனமிளகிக் குதி…

(நிறுத்திவிட்டேன். அவள் கால் எனக்குத் தெரியவில்லை. முன்னால் நின்றவரின் முதுகுதான் தெரிந்தது.)

பிறகு இருவரையும் தனித்தனியே கேட்டேன்.

பட்டத்தை மடியில் வைத்திருந்த குட்டிப்புயல் கண் கலங்கினாள். “அண்ணிதான் குதிச்சாங்க சார். எனக்கேது அவ்வளவு பலம்?”

இடிமுழக்கம் சிரித்தாள். “சத்தியமா நான் குதிக்கல. அவதான் தூக்கினா.”

நான் எந்த முடிவை எழுதினாலும் ஒருத்தி பொய்க்காரியாகிவிடுவாள். எனக்கு இரண்டு பேரையும் பிடித்திருக்கிறது. அதனால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை அந்த வீட்டுப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். இருவரும் சேர்ந்து உங்களைத் தூக்குவார்கள். நீங்கள் குதிக்க வேண்டிய அவசியமே இருக்காது.