மீதி டயல்கள்

“கையைக் குடுங்க மொதல்ல. வாங்குறது அப்புறம்லா” என்று பஸ் டிரைவர் அண்ணாதுரையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அவர் மறுப்பதற்குள் வாரை மாட்டிவிட்டாள் பாக்கியலட்சுமி.

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மெல்லிய பிறை. அதன் கீழே ஆங்கில எழுத்தில் ‘சந்திரா’. முட்கள் மட்டும் கருநீலம், புதுக் கத்தரிக்காயின் நிறம்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு ஸ்விஸ் வாட்ச் வாங்கலாம்னுதான்…”

“உள்ள இருக்குற மெஷின் ஸ்விஸ். மேல் கூடு ஹாங்காங். முள்ளுக்கு நிறம் ஏத்துனது எங்க வீட்டுக்காரரு. மூணு ஊரு சேர்ந்து உங்க ஒரு கைக்கு வேலை பார்த்திருக்கு. நீங்க என்னடான்னா ஒத்த ஊரு வாட்சைத் தேடுறீங்க.”

அண்ணாதுரை சிரித்துவிட்டார். சிரித்தவர் வாங்காமல் போனதில்லை என்பது பாக்கியத்துக்குத் தெரியும்.

அப்போதுதான் பக்கத்து ஜவுளிக் கடையிலிருந்து சேக் தாவூது வந்து நின்றார். அவள் கணவன் அழகப்பனின் கண்ணாடிப் பெட்டிக் கடைக்குச் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டு நடைபாதையில் இடம் கொடுத்திருப்பவர் அவர்தான். கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்திருந்தார்.

“தங்கச்சி, வீட்லேருந்து மங்களம் போன் பண்ணுச்சு. ஒடனே வரச் சொல்லுது. அழகப்பனுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குதாம்.”

பாக்கியம் நிமிரவில்லை. “ரெண்டு நிமிஷம் பாய். வார்ல ஒரு ஓட்டை போடணும்.”

“நீங்க போங்கம்மா, நான் அப்புறமா வந்து…” என்றார் அண்ணாதுரை கலங்கிப்போய்.

“அப்புறம்னு போனவங்க யாரும் வந்ததில்ல. கையை ஆட்டாதீங்க.”

ஓட்டை போட்டாள். மாட்டினாள். கொடுத்ததை எண்ணிப் பார்க்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு பெட்டியைப் பூட்டினாள். ஒருவர் வீட்டுத் துயரத்துக்கு நடுவில் புகுந்து சாமான் வாங்கிவிட்ட குற்ற உணர்வோடு அண்ணாதுரை மணி பார்த்துக்கொண்டே நடந்தார்.

தாவூதோடு டாக்சியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவள் இடுப்பிலிருந்த பணத்தை எடுத்து எண்ணினாள்.

“இன்னும் மூணுதான் பாய்” என்றாள்.

“என்னது மூணு?”

“டயல்.”

தாவூது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்த வெளியாள் அவர் ஒருவர்தான்.

அழகப்பன் முதலில் வெறும் ரிப்பேர்க்காரன். ‘நாள் முழுக்க எவனெவன் பேரையோ தொறந்து மூடிக்கிட்டிருக்கேன்’ என்று புலம்புவான். ஒரு நாள் அந்தப் புலம்பல் முற்றி, சொந்தமாக வாட்ச் செய்வது என்று முடிவெடுத்தான். மெஷினை ஓரிடத்தில் வாங்கலாம், கூட்டை ஓரிடத்தில் வாங்கலாம். டயல், அந்த முகம் மட்டும் தன்னுடையதாக இருக்க வேண்டும். அந்த முகத்தில் அவன் போட்டது தன் பெயரை அல்ல, மனைவி சந்திரமதியின் பெயரை. சந்திரா. ஐந்நூறுக்குக் குறைந்தால் டயல் அச்சடிக்க மாட்டோம் என்று ஸ்விட்சர்லாந்துக்காரர்கள் சொல்லிவிட்டதால் ஐந்நூறு வந்து இறங்கியது. அடுத்த ஆண்டே சந்திரமதி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். ஆள் போய்விட்டாள், அவள் பெயர் மட்டும் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தது.

பிறகுதான் பாக்கியம் வந்தாள். செம்பவாங் கடற்படைத் தளத்துத் தொழிலாளி ஒருவரின் மகள், வயது கடந்துபோனது என்று ஊர் முடிவு செய்திருந்த பெண். கல்யாணமான மறுவாரம் கடைக்கு வந்து பார்த்தபோது, கண்ணாடிப் பெட்டி முழுக்க மூத்தவளின் பெயர் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

அவள் சொல்லாததைக் கேட்டுவிட்டு அழகப்பனே சொன்னான்: “இந்த டயல் தீரட்டும். அடுத்த ஆர்டர் ஒன் பேருலதான்.”

வேறொருத்தியாக இருந்தால் அந்த டின்னைக் கொண்டுபோய் ரோச்சோர் கால்வாயில் கொட்டியிருப்பாள். பாக்கியம் விற்கத் தொடங்கினாள். சக்களத்தியின் பெயரை இத்தனை ஊக்கத்தோடு விற்ற பெண் சிங்கப்பூரிலேயே வேறு ஒருத்தி இருந்திருக்க மாட்டாள். தமிழர் வந்தால் அது சிவன் தலையில் இருக்கும் பிறை. சீனர் வந்தால் மூன்கேக் திருநாள் நிலா. மலாய்க்காரர் வந்தால் சொல்லவே வேண்டாம். “பிறை போட்டிருக்க, எங்காளுங்க வாங்கிருவாங்க. நீ பேசாம எங்கிட்ட கமிஷன் குடு” என்பார் தாவூது. நிஜமாகவே ஹரி ராயா நோன்புப் பெருநாளுக்கு முந்தைய வாரங்களில்தான் சந்திரா அதிகம் போனாள்.

முட்களுக்கு நிறம் ஏற்றும்போது அழகப்பன் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வான். பித்தளைத் தட்டில் வைத்து ஸ்பிரிட் விளக்கில் காட்டும்போது எஃகு மஞ்சளாகி, பழுப்பாகி, ஒரு கணம் நீலமாகும். அந்தக் கணத்தைத் தவறவிட்டால் சாம்பல். லென்ஸ் மாட்டி மாட்டி அவன் கண் களைத்திருக்கும். “இப்ப” என்று அவள்தான் சொல்வாள். அவள் ‘இப்ப’ என்று சொல்லி ஒரு முள்ளும் கெட்டதில்லை.

“ஒன் பேரைப் போட்டா வாட்ச் பத்தாது. சொவர்க் கடியாரம்தான் செய்யணும்” என்பான் அழகப்பன்.

“பாக்கியான்னு சுருக்குங்க.”

“சரி. பிறைக்குப் பதிலா ஒனக்கு என்ன போடறது?”

“பன்னெண்டே இருக்கட்டும். வாங்குறவங்க மணி பாக்க வேணாமா?”

இப்படியே சிரித்துச் சிரித்து டின் பாதியானது, கால் ஆனது. பிறகு ஸ்விஸ்காரர்களே நல்ல நல்ல வாட்சுகளை மலிவாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். சந்திரா மெதுவாகத்தான் போனாள். அழகப்பனின் நுரையீரல் அதைவிடக் கொஞ்சம் வேகமாகப் போனது.

குவீன்ஸ்டவுன் வீட்டில் மங்களம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். சந்திரமதியின் மகள். கல்யாணமாகிப் போனவள், அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தாள். “கூட்டிக்கிட்டுப் போயி வீட்ல வச்சுக்குங்கன்னு டாக்டர் சொன்னப்பவே தெரியும் சின்னம்மா. ஆனா இன்னைக்கேன்னு…” என்றாள்.

பாக்கியம் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். அழகப்பனின் நெஞ்சு ஏறுவதும் இறங்குவதும் வேறு யாரோ செய்யும் வேலைபோல இருந்தது.

“இன்னைக்கு ஒண்ணு போச்சுங்க” என்றாள். “இன்னும் மூணுதான்.”

அவன் கண்ணைத் திறந்தான். லென்ஸ் பிடிப்பவனைப்போல வலது கண்ணை இடுக்கி அவளைப் பார்த்தான். முகம் மெல்லத் தெளிந்தது.

“சந்திரா… எப்ப வந்தே?”

“அப்பா, சின்னம்மாப்பா இது. சின்னம்மா வந்திருக்கு, பாருங்க” என்று மங்களம் பதறினாள்.

பாக்கியம் பின்னால் கைநீட்டி அவளது மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். இத்தனை வருஷம் அந்தப் பெயரை ஊருக்கெல்லாம் மாட்டிவிட்டிருக்கிறாள். தனக்கு ஒரு நாளும் மாட்டிப் பார்த்ததில்லை.

“இப்பத்தாங்க வந்தேன்” என்றாள்.

“கோவமா?”

“எதுக்கு?”

“அந்தப் புள்ள… பாக்கியம். அதுக்கு ஒரு டயல் போடறேன்னு சொல்லி ஏமாத்திக்கிட்டே இருக்கேன்.”

சமையலறைப் பக்கம் எதையோ தேடுவதுபோல மங்களம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாசலில் நின்ற தாவூது தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

“ஏங்க ஏமாத்துனீங்க?” என்று பாக்கியம் கேட்டாள்.

“ஆர்டர் எழுத உக்காருவேன். ஒன் பேரு இருந்த எடத்துல இன்னொரு பேர எழுத… கை வரல. நீ கோவிச்சுக்கிட்டுப் போயிடுவியோன்னு.” மூச்சு தட்டியது. நின்று, மறுபடி வந்தது. “பாவம், அது பாட்டுக்கு வித்துக்கிட்டே இருக்கு. அது விக்கிற அழகப் பாத்தா சிரிப்பா வரும். டயல் தீந்துடுமேன்னு எனக்கு பயமாவும் இருக்கும்.”

செத்தவள் இனிமேல் கோவித்துக்கொண்டு எங்கே போவாள் என்று கேட்க பாக்கியத்துக்கு நாக்கு துறுதுறுத்தது. எப்போதும் அவனிடம் அப்படித்தான் பேசுவாள், அவனும் சிரிப்பான். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் பாக்கியம். அவன் பார்த்துக்கொண்டிருந்தது பாக்கியத்தை அல்ல.

“நான் கோவிச்சுக்கலங்க” என்றாள். கடையில் ‘இதுக்குக் கீழ கட்டாது’ என்று சொல்வாளே, அந்தக் குரல் வந்தது. நல்லவேளை, அந்தக் குரலாவது வந்தது. “அவளுக்குப் போடுங்க.”

“நெசமாவா?”

“நெசமா.”

அவன் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். “சரி. இருக்குறது தீரட்டும். தீந்ததும் போடறேன்.”

தண்ணீர் கேட்டான். முதல் கரண்டி இறங்கியது. இரண்டாவது, கடைவாய் வழியே தலையணைக்குப் போனது. பாக்கியம் மூன்றாவது கரண்டியையும் எடுத்தாள். தாவூதுதான் வந்து அதை அவள் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

மறுநாள் காலையில் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே புல்வெளியில் பந்தல் போட்டார்கள். மேளக்காரர்கள் வந்தார்கள். யார் யாரோ வந்து பாக்கியத்தின் தலையைத் தங்கள் தோளில் சாய்த்துக்கொண்டார்கள். எல்லாத் தோளிலும் ஒரே பவுடர் வாசனை. அவள் அழுதாள், நின்றாள், மறுபடி அழுதாள். நடுவில் ஒருமுறை, மேளக்காரர்களுக்குக் காப்பி போனதா என்று கேட்டாள்.

குளிப்பாட்டி முடித்த பிறகு மங்களம் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரவு முழுக்க அதைச் சொல்லத்தான் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“சின்னம்மா, அப்பா நேத்து பேசுனத… நீங்க மனசுல…”

“அது ஒங்கம்மாகிட்ட பேசுனது. அடுத்தவங்க பேச்சு நமக்கெதுக்கு” என்றாள் பாக்கியம்.

மங்களம் அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பாக்கியம் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். சந்திரமதியின் மகளுக்கு அப்பனின் முதுகு, அகலமும் கூனலும்.

பாடைத் தேர் கட்டிக்கொண்டிருக்கும்போது மாலையோடு துரைசாமி வந்தார். ஏதோ ஒரு சங்கத்தின் துணைத் தலைவர். கல்யாணமோ சாவோ, நாற்காலி தேடி உட்காருமுன் நாலு வார்த்தை பேசிவிடுகிறவர். அன்றும் பேசினார். நம்மவர் கையாலும் ஒரு கைக்கடிகாரம் பிறக்கும் என்று காட்டியவர் அழகப்பன் என்றார். அவர் கையில் அப்போதும் ஸ்விஸ் வாட்ச்தான் மின்னியது. பேசிவிட்டு அவருக்கே உறுத்தியிருக்க வேண்டும், பாக்கியத்திடம் குனிந்தார்.

“அம்மா, இந்த நேரத்துல கேக்கக் கூடாது. அவரு ஞாபகமா ஒரு சந்திரா வேணும் எனக்கு. மிச்சம் ஏதும் இருக்கா?”

“எனக்கும் ஒண்ணு” என்றார் பின்னால் ஒருவர்.

“தம்பிக்கும் சேத்து ரெண்டா குடுங்க” என்றது இன்னொரு குரல்.

இத்தனை வருஷம் தொண்டை வறளக் கூவி விற்றவளிடம், அன்றைக்குப் பார்த்து மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். தாவூது சட்டென்று நிமிர்ந்து பாக்கியத்தைப் பார்த்தார்.

“இல்லீங்க” என்றாள் பாக்கியம். “ஸ்டாக் இல்ல.”

“ஒண்ணு கூடவா?”

“ஒண்ணு கூட இல்லீங்க.”

துரைசாமி உச்சுக் கொட்டிக்கொண்டு நாற்காலி தேடிப் போனார். தாவூது அவளருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“மூணு இருக்குன்னியே தங்கச்சி.”

“இருக்கு.”

“அப்ப ஏன் இல்லேங்குற? இந்தத் தேதிக்காகத்தானே இவ்வளவு வருஷமா பாடுபட்ட? ஸ்விட்சர்லாந்துக்கு நான் எழுதறேன். ஒன் பேருலயே எழுதறேன்லா.”

பாக்கியம் தேரில் ஏற்றப்படுகிறவனைப் பார்த்தாள். யாரோ அவன் தலையை அணைவாகப் பிடித்திருந்தார்கள்.

“வேணாம் பாய். இருக்கட்டும்” என்றாள். “தீந்துபோச்சுன்னா எம் பேர அவருல்ல போடணும்.”

தாவூது எழுந்து போய், தேருக்குத் தோள் கொடுக்க நின்றவர்களோடு தானும் நின்றார். அவர் உயரத்துக்குத் தோள் சரியாக எட்டவில்லை. கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

தேரை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பியது. மேளச் சத்தம் அடுத்த புளோக்கைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, பஸ் சத்தத்தோடு கலந்து போனது. பெண்கள் வீட்டைக் கழுவ மேலே போனார்கள். பாக்கியம் மட்டும் பந்தலுக்கு வெளியே நின்றாள். தேர் போகட்டும் என்று காலையிலிருந்து துணி எதுவும் நீட்டாமல் இருந்த நாலாம் மாடிச் சீனக்கிழவியின் ஜன்னலிலிருந்து மூங்கில் கழியொன்று மெதுவாக வெளியே நீண்டது. அதில் நனைந்த சட்டைகள் வரிசையாகக் கைவிரித்துத் தொங்கின. தேர் நின்ற இடத்துப் புல் இன்னும் மிதிபட்டு மடங்கியே கிடந்தது. அதன் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழத் தொடங்கியது.