ஒரு குப்பி அதிகம்

குப்பைத் தட்டில் இரண்டு காலிக் குப்பிகள் கிடந்தன. ஒன்றுதான் இருந்திருக்க வேண்டும். கையுறையைக்கூடக் கழற்றாமல் நாலைந்து தரம் எண்ணிப் பார்த்தேன். இரண்டை எத்தனை முறை எண்ணினாலும் இரண்டுதான்.

எங்கள் ஆய்வகத்தில் வளர்வது கருவின் ஸ்டெம் செல்கள். இன்னும் எதுவாகவும் ஆகாதவை, இதயமோ எலும்போ தோலோ எதுவாகவும் ஆகக்கூடியவை. அவற்றை அப்படியே வைத்திருப்பதுதான் ஏழு வருடமாக என் வேலை. சும்மா விட்டால் சில நாளிலேயே இஷ்டத்துக்கு மாறத் தொடங்கிவிடும். அதனால் தினமும், ஞாயிறு உட்பட, பழைய ஊட்டநீரை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். குப்பியில் இருக்கும் புரதத்தை அதில் அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். 'மாறாதே, இப்படியே இரு, பெருகு' என்று செல்லுக்குச் சொல்வது அந்தப் புரதம்தான். சூட்டில் சீக்கிரம் கெட்டுப்போகும் என்பதால் தினமும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதை என் மாமியாரிடம் விளக்கியபோது, "உன் புருஷனுக்கு யாரு ஊத்தினாங்கன்னு தெரியலயே, நாப்பத்தஞ்சு வயசாச்சு, அப்படியேதான இருக்கான்" என்றார்.

மாற வேண்டுமென்றால் முதலில் அந்தப் புரதத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் மாறாமல் காவல் காக்கும் மரபணுக்கள் ஒவ்வொன்றாக ஓயும். அதன்பின் வேறு மருந்துகள் கொடுத்து வழிநடத்தினால், பத்து வாரத்தில் விழித்திரைக்கு அடியில் இருக்கும் பழுப்புச் செல்களாகிவிடும். அந்த முறை நாங்கள் வளர்த்தது நான்கு நோயாளிகளின் கண்களுக்காக. நால்வரில் ஒருத்தி என் அக்கா.

அக்கா அச்சகத்தில் பிழை திருத்துபவள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவளும் அவள்தான். இடது கண் முன்பே போய்விட்டது. வலது கண்ணின் நடுப்பகுதியும் மங்கிக்கொண்டே வந்தது. "மூணு மாசத்துக்குள்ள வெச்சா உண்டு. அப்புறம் வெச்சும் பிரயோஜனம் இல்ல" என்று கண் டாக்டர் கையை விரித்திருந்தார்.

புரதத்தை நிறுத்திய மூன்றாம் நாள், ஏழு வருடப் பழக்கத்தில் என் கை, மாறாமல் வைத்திருக்கும் செல்களுக்கு ஒரு குப்பியைக் கலந்ததோடு நிற்காமல், கண்ணுக்காக வளரும் தட்டின் ஊட்டநீருக்கும் ஒன்றைக் கலந்துவிட்டது. மனசு வேறு எங்கோ இருந்திருக்கிறது. மறுநாள் காலையில் குப்பைத் தட்டைக் கொட்டப் போனபோதுதான் தெரிந்தது. விதிப்படி பிழைப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதினால் எல்லாவற்றையும் வீசிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். அக்காவின் கண்ணுக்கு அவ்வளவு நாள் கிடையாது. அவசர அவசரமாக ஊட்டநீரை மாற்றினேன், காலிக் குப்பிகளில் ஒன்றை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பதிவேட்டைத் திறக்கவில்லை.

பத்தாவது வாரம் தட்டு முழுக்கப் பழுப்புச் செல்கள், கல் பாவிய முற்றம்போல நெருக்கமாக. அறுவடைக்கு முந்தின நாள் நுண்ணோக்கியில் ஒரு மூலையில் வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தது. விளிம்பு பளபளவென்று, செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. ஏழு வருடமாக நான் பார்த்துப் பார்த்து வளர்த்த முகம், எனக்கா தெரியாது? மாறாதவை. பிப்பெட் முனையால் சுரண்டி எடுத்துவிட்டேன். வேறெங்கும் இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

சாயங்காலம் பெரியவர் பரிசோதனை முடிவோடு வந்தார். என்னைவிட ஆறு வயது சின்னவர், பதவியால் பெரியவர்.

"பத்தாயிரம் செல்லுல ஒண்ணுகூட மாறாம இல்ல. சுத்தமா இருக்கு. அப்புறம் ஏன் முகத்தைத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல சார். தூக்கம் சரியில்ல."

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோறு பெருகாது, அதனால் அது சரி. ஆனால் கண்ணுக்குள் போடும் ஊசியில் போகப்போவது இரண்டு லட்சம் செல்கள். மாறாத செல்களை எலிக்குப் போட்டுப் பார்த்த ஒரு சோதனையில் நான் இருந்திருக்கிறேன். கட்டியை அறுத்தபோது உள்ளே முடி இருந்தது, குருத்தெலும்பு இருந்தது, முளைத்தும் முளைக்காமலும் ஒரு பல் இருந்தது. 'பிழை ஏதும் நேரவில்லை' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. ஐந்தாவது வாரம் அக்கா என் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "என்னடி இது, தலையெல்லாம் நரை? யாரைக் கேட்டு வந்துச்சு?" என்றாள். நான் ஓவென்று அழுதேன், அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். அந்த ஒரு மாதம்போல நான் சந்தோஷமாக இருந்ததே இல்லை.

நேற்று போனபோது மேஜைமேல் ஏழு தாள்களை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தாள். எல்லாம் கட்டம் போட்ட தாள்கள். கோடு எங்காவது வளைந்து தெரிந்தால் அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போடச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்தவை.

"போன ஞாயித்துக்கிழமையிலேர்ந்து, இந்த எடத்துல மட்டும் கோடு மேல எழும்பி நிக்குதுடி. கீழேர்ந்து ஏதோ முட்டுற மாதிரி. வர்ற மாசம் போறப்ப காட்டிக்கலாமா?"

முதல் தாளில் வட்டம் ஒரே கட்டத்துக்குள் இருந்தது. ஏழாவதில் எட்டுக் கட்டங்கள். அவள் பிழை திருத்துகிறவள், அவள் கோடு தப்பாது. உடனே சொன்னால் கண்ணைத் திறந்து உள்ளே வளர்வதை எடுத்துவிடலாம். ஆனால் பார்வை மிஞ்சுமா? ஊசி போட்டுக்கொண்ட மற்ற மூன்று பேர் வீட்டிலும் இப்படித் தாள்கள் இருக்கும். அவர்களுக்குத் தங்கை இல்லை.

"அக்கா" என்றேன்.

"இரு இரு, இன்னிக்குள்ளதை முடிச்சுடறேன்."

புதிய தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு பென்சிலை வைத்தாள். நிதானமாக, கை நடுங்காமல், பென்சில் ஒரு கட்டத்தைத் தாண்டியது, அடுத்ததைத் தாண்டியது, அதற்கும் அடுத்ததைத் தாண்டியது. அது திரும்பி வளையத் தொடங்கட்டும் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.