தட்டுல மீந்தது

அருணாதேவிக்கு அந்தத் தட்டப் பாத்தாலே குமட்டும். புருஷன் திருமலை சாப்ட்டு எழுந்த தட்டு. பாதி பிச்சுப் போட்ட இட்லி சாம்பார்ல ஊறி சொதசொதன்னு கெடக்கும். ஓரத்துல மென்னு துப்புன முருங்கைக்கா சக்கை. மூஞ்ச சுளிச்சிக்கிட்டே சக்கைய ஒதுக்கிட்டு, மிச்சத்த நின்ன வாக்குல முழுங்கிட்டு, தட்டக் கழுவிப் போட்டுடுவா. கல்யாணமாகி வேங்கிக்கால் வந்த மறுநாளே, புருஷன் தட்டுல மீந்தத கொட்டுனா வீட்டு லட்சுமி போய்டுவான்னு மாமியார் சொல்லியிருந்தாங்க. மாமியார் போய்ச் சேந்து எத்தனையோ வருஷம் ஆச்சு, பழக்கம் போகல. அப்புறம் பையன் வளவன் தட்டும் சேந்துக்கிச்சு.

இப்ப நாப்பத்தெட்டு வயசுல முட்டி போச்சு. செங்கம் ரோட்டுல வெள்ளக்காரங்க வர்ற ஒரு கஃபேல அவளுக்கு சமையல்கட்டு வேல. பாதி நேரம் செவுத்தப் புடிச்சிக்கிட்டுதான் நிக்கிறா. "சரி பண்ணிக்கோங்கக்கா, இல்லன்னா வேற ஆள்தான் பாக்கணும்"னு ஓனர் சொல்லிட்டான். டாக்டரம்மாவோ எடை எறங்காம ஆபரேஷன் கெடையாதுன்னு முடிவா சொல்லிட்டாங்க.

மூணு மாசம் வாயக் கட்டுனா. திரும்பப் போய் மெஷின்ல ஏறுனா, ஒரு கிலோ ஜாஸ்தி.

"உண்மையச் சொல்லுங்க, இன்னா சாப்பிடுறீங்க?"

"காலைல ரெண்டு இட்லி மேடம். மத்தியானம் ஒரு கரண்டி சோறு. ராத்திரி ஒரு சப்பாத்தி. சாமி சத்தியமா அவ்ளோதான்."

பக்கத்துல உக்காந்திருந்த திருமலை சிரிச்சாரு. "காத்தத் துன்னு ஊதிடுச்சு போல மேடம்."

டாக்டரம்மா நம்பலன்னு மூஞ்சிலயே தெரிஞ்சுது. அருணாதேவிக்கு கண்ணு கலங்கிடுச்சு. அவ பொய் சொல்லவே இல்ல.

திரும்பி வர்ற பஸ்ல திருமலை போன்ல ஒரு வீடியோவ சத்தமா வெச்சாரு. நாப்பது தாண்டி ஒடம்பு ஏறுறதும் ஏறாததும் அவங்கவங்க குணமாம். கட்டுப்பாடு இல்லாதவங்கதான் பெருக்குறாங்களாம். கோட்டு போட்ட ஒருத்தன் பேசிக்கிட்டே இருந்தான்.

"கேட்டியா? உனக்குத்தான் சொல்றான்."

"கொஞ்சம் மெதுவா வைங்க, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டுமே. என்னப் பாரு, இத்தன வயசுலயும் வயிறு ஒட்டிக்கெடக்கு. கட்டுப்பாடுடி!"

அவரு கட்டுப்பாடு அவளுக்குத் தெரியாதா? எத வெச்சாலும் நாலு வாய், அப்புறம் உப்பு கம்மி, புளிப்பு ஜாஸ்தின்னு தள்ளிட்டு எழுந்து போறது. டீயும் பீடியும் போதும் அவருக்கு.

அந்தப் பௌர்ணமிக்கு அப்பனும் பையனும் கூட்டாளிங்களோட அடி அண்ணாமலைக்கு, கிரிவலம் வர்றவங்களுக்கு அன்னதானம் போடப் போய்ட்டாங்க. அருணாதேவி தனியா ரெண்டு இட்லி சாப்ட்டா. கொஞ்ச நேரத்துல வயித்துல நெருப்பு வெச்ச மாதிரி பசி. என்னடா இதுன்னு சமையல்கட்டுக்குப் போனா. கை தானா எச்சில் தட்டு கெடக்குற சிங்க் பக்கம் நீண்டுச்சு.

சிங்க் காலியா இருந்துச்சு. நீட்டுன கை அப்படியே நின்னுச்சு.

மறுநாள் கஃபேல ஒரு தட்டு வந்துச்சு. தேன் ஒழுகுற அப்பம், நடுவுல பல்லுத்தடம். கையுறை போட்டுக்கிட்டு, மூச்ச அடக்கி, அத பக்கெட்ல கொட்டுனா. கொட்டும்போதே ஒடம்பு கூசுச்சு. முன்னப்பின்ன தெரியாதவங்க எச்சில்னா கையுறை. வீட்டு எச்சில்னா வாயா? ரெண்டு ஆளு மீத்தது சேந்தா ஒரு முழு ஆளு சாப்பாடு. அத ஒரு நாளும் அவ சாப்பாடுன்னு நெனச்சதே இல்ல. தனக்குன்னு தட்டு எடுத்து வெச்சாதான சாப்பாடு?

அன்னிக்கு சாயந்தரம் திருமலை வழக்கம்போல நாலு வாய் உப்புமா துன்னுட்டு எழுந்தாரு. அவ முழுங்கல. ஒரு தட்டப் போட்டு மூடி வெச்சா. காலைல அதையே கொண்டாந்து அவரு முன்னாடி வெச்சா. உப்புமா ஓரமெல்லாம் காஞ்சு, நடுவுல கொழகொழன்னு, ஒரு வாடை.

"இன்னாடி இது?"

"நேத்து நீங்க மீத்தது."

"எச்சிலத் தூக்கி என்கிட்டயே வைக்கிறியா? நாறுது!"

"உங்க எச்சில்தாங்க. நான் துன்னப்பல்லாம் நாறலையா?"

வளவன் அம்மா மூஞ்சப் பாத்தான். அப்புறம் தன் தட்ட ஒரு பருக்க இல்லாம வழிச்சுத் துன்னான்.

"கொட்டித் தொலைக்க வேண்டியதுதான?"

"நீங்களே கொட்டுங்க. லட்சுமி போறதுன்னா உங்க கையால போகட்டும்."

வாசல்ல கெடந்த நாய்க்குப் போட்டாரு. அது மோந்து பாத்துட்டு தள்ளிப் போய்ப் படுத்துக்கிச்சு.

அடுத்த மாசம் எடை நாலு கிலோ கம்மி. "இப்படியே எறங்குச்சுன்னா தேதி குடுத்துடலாம்"னாங்க டாக்டரம்மா. "இன்னா பண்ணீங்க?"

சொல்ல வெக்கமா இருந்துச்சு. ஆனாலும் சொல்லிட்டா. "எச்சில் துன்றத விட்டுட்டேன் மேடம்."



ஆஸ்பத்திரி பக்கத்து ஓட்டல்ல திருமலை பாதி தோசைய வெச்சிட்டு, "சட்னி சரியில்ல"ன்னு தட்ட அவ பக்கம் தள்ளுனாரு. தேங்கா சட்னியில அவரு விரல் நோண்டுன குழி. அவளுக்குக் குமட்டிக்கிட்டு வந்துச்சு. இவ்ளோ நாளா அந்தக் குமட்டலையும் சேத்துதான் முழுங்கிக்கிட்டு இருந்தா. இன்னிக்கு அது சொன்னதக் கேட்டா. தட்டத் திருப்பித் தள்ளிட்டு, சர்வரக் கூப்பிட்டு, தனக்குன்னு ஒரு தட்டு இட்லி சொன்னா.