நாற்பத்தொரு நாள் நீண்ட செவ்வாய்

செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக்குச் சித்தாளுக்குப் பிடித்த இடுப்புவலி, நாற்பத்தொரு நாள் நீடித்து, அதே செவ்வாய்க்கிழமை பதினொன்று முப்பத்தொன்பதுக்கு முடிந்தது.

அப்போது அவளுக்கு முப்பத்தொரு வாரம். ஆறு வாரத்துக்கு முன்புதான் கர்ப்பப்பையைத் திறந்து, பிள்ளையின் முதுகில் மூடாமல் கிடந்த தண்டுவடத்தைத் தைத்து, பிள்ளையை உள்ளேயே வைத்து மூடியிருந்தார்கள். "முதுகு வேலை முடிஞ்சுதும்மா. இனி பயம் பையைப் பத்திதான். கத்தி பட்ட பை சீக்கிரமே வெளிய தள்ளப் பாக்கும். முப்பத்தேழு வாரம் வரைக்கும் உள்ள இருக்கணும். முன்னாடியே வந்தா மூச்சு விடவே திணறும்" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்கு எதிரே மூன்றாவது மாடியில் ஓர் அறை எடுத்தார்கள். புருஷன் கொத்தனார், விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார். அவள் இடதுபக்கம் சாய்ந்து படுத்தபடி சுவரின் பூச்சு வேலையில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருப்பாள். பேச வேறு ஆள் இல்லை.

அன்று தளம் போடும் வேலை இல்லை, கொத்தனார் அறையில் இருந்தார். வலி வந்ததும் சக்கர நாற்காலி கொண்டுவர ஓடினார். ஓடும்போது, சாரத்தில் நின்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாயில் அது வந்துவிட்டது: "நான் வர்ற வரைக்கும் பிடிச்சுக்க!" கட்டட வேலையில் கலவைச் சட்டி கைமாறிக் கைமாறி மேலே போகும். மேலே நிற்பவன் அப்படிச் சொல்லிவிட்டால், அவன் திரும்பி வந்து வாங்கும்வரை, தோள் கழன்றாலும் சட்டியைக் கீழே வைக்கக் கூடாது. பதினோரு வருஷத்தில் அவள் ஒரு சட்டியையும் வைத்ததில்லை. பிடித்துக்கொண்டாள்.

கடிகார முள் நின்றது. குழாயில் ஒரு சொட்டு விழாமல் தொங்கியது. கீழே தெருவில் சைக்கிள்காரன் பெடலில் ஒரு காலோடு அப்படியே நின்றான். வெயில் நான்காவது தரைக்கல்லைத் தாண்டவில்லை. மேசையில் மூன்று பன் இருந்தது. தின்றாள், மறுபடியும் மூன்று இருந்தது. ஒவ்வொரு முறை தூங்கி எழும்போதும் போர்வையில் ஒரு நூலை உருவி முடிச்சுப் போட்டாள். பன்னிரண்டாம் முடிச்சுக்குப் பிறகு அழுகை தானாக நின்றது. இருபதாம் முடிச்சன்று அடிவயிற்றில் ஒரு கால் உதைத்தது. ஆடுமோ ஆடாதோ என்று டாக்டரம்மாவே சந்தேகப்பட்ட கால். கதவைப் பார்த்து, "யோவ், உதைக்குதுய்யா!" என்று கத்தினாள். கதவு கதவாகவே இருந்தது.

நாற்காலிக்குக் காவலாளி சீட்டு கேட்டதால் கொத்தனாருக்கு ஒன்பது நிமிஷம் ஆகிவிட்டது. உள்ளே வந்தவர் அவள் வயிற்றையும் வளர்ந்திருந்த நகங்களையும் பார்த்து, நாற்காலியை வாசலிலேயே விட்டுவிட்டார். "இப்பத்தானேடி போனேன்?"

"உனக்கு இப்பத்தான்" என்றாள் அவள்.

அரைமணி நேரத்தில் வயிற்றைக் கீறிப் பெண்பிள்ளையை எடுத்தார்கள். இரண்டே முக்கால் கிலோ. காலையில் ஒன்றரை கிலோ என்று எழுதிய ஸ்கேன்காரர் திட்டு வாங்கினார், பாவம். நர்ஸ் பதிவேட்டில் 31 என்பதை அடித்து 37 என்று எழுதினாள். அந்த அடித்தல் இன்றும் இருக்கிறது. பெண் மூன்று வயதில் காலுக்குக் கம்பிப் பட்டை போட்டு நடந்தாள், ஏழு வயதில் தனக்குத் தானே சிறுநீர்க் குழாய் வைத்துக்கொள்ளப் பழகினாள். வேலையிடத்தில் சித்தாளுக்கு நாற்பத்தொரு நாள் வயது கூட என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். சிமெண்ட் விலை ஏறியதற்குத்தான் அங்கே வாக்குவாதம் நடந்தது.

கொத்தனார் ஒருநாள் கேட்டார்: "அத்தனை நாளும் என்னதான் செஞ்ச?"

"பேசினேன்."

"யாரோட?"

"உன்னோடதான். நீதான் இல்ல."

அதன்பிறகு வேலை முடிந்து வந்தால், கைகால் கழுவி எதிரே உட்கார்ந்து, ஒரு நாளின் பேச்சைக் கேட்கிறார். பாதியில் தூங்கிவிட்டால் அவள் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இதுவரை பதினேழு நாள் கேட்டிருக்கிறார். இன்னும் இருபத்துநாலு நாள் பாக்கி.